கேலியும் குழந்தைப் படநூலும்

குழந்தைகளுக்கான கதைநூல்களில் கேலி என்ற பொருள் நுழைந்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகின்றன. கறுப்பு, குள்ளம், பெரிய மூக்கு, திக்குவாய், ஒட்டுப்போட்ட சட்டை, வாயில் நுழையாத பெயர் என்று ஒரு வகுப்பறை எதை வைத்தெல்லாம் சிரிக்குமோ அதையெல்லாம் இந்த நூல்கள் எடுத்துக்கொண்டன. கேலி நிற்க வேண்டுமானால் யார் மாற வேண்டும், கேலிக்கு ஆளான குழந்தையா, சுற்றி நின்று சிரிப்பவர்களா என்பதே இவற்றின் அடியில் ஓடும் கேள்வி. காலத்துக்குக் காலம் விடை மாறியிருக்கிறது.

இந்த வரலாறு கோபன்ஹேகனில் தொடங்குகிறது. 1843 நவம்பர் 11ஆம் நாள் அங்கு வெளிவந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் புதிய கதைத் தொகுப்பில், உருவத்தால் மற்றக் குஞ்சுகளோடு ஒட்டாத ஒரு வாத்துக்குஞ்சின் கதை இருந்தது. ஆண்டர்சன் ஒடென்ஸ் ஊரில் செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுப்பவருக்கும் பிறந்தவர். நெட்டையான உடலும் பெரிய மூக்குமாக வளர்ந்து, சிறுவயதிலிருந்தே ஏளனத்தைச் சந்தித்தவர். தன் வாழ்க்கையின் சாயலே அந்தக் கதை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பண்ணை முற்றத்தில் குஞ்சு வாங்கும் கொத்துகளைவிட, கிழவியின் குடிசையில் பூனையும் கோழியும் அதை விசாரிக்கும் இடம்தான் கதையில் கூர்மையானது. முட்டையிடத் தெரியாத, முதுகை வளைத்து உறுமத் தெரியாத உயிருக்கு அந்த வீட்டில் கருத்துச் சொல்லவே உரிமை இல்லை. அடிப்பவனைவிட, தன் அளவுகோலே உலகின் அளவுகோல் என்று நம்புகிறவன் குழந்தையை ஆழமாகக் காயப்படுத்துவான் என்பதை ஆண்டர்சன் நன்றாக அறிந்திருந்தார்.

ஆனால் கதையின் முடிவு இன்றுவரை விவாதத்துக்கு உரியது. குஞ்சு அன்னமாகிறது, எல்லாரும் வியக்கிறார்கள். வாத்தாகவே இருந்திருந்தால் அதன் கதி என்ன என்பதற்குக் கதையில் பதில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் டேனிய விமர்சகர் கியோர்க் பிராண்டஸ் வேறொரு குறை கண்டார். அத்தனை துன்பத்தையும் கடந்த பறவை கடைசியில் தோட்டக் குளத்தில் நீந்தி, குழந்தைகள் எறியும் ரொட்டித் துண்டுக்கு மகிழ்ந்துபோகிறதே என்று அவர் வருந்தினார். பின்வந்த நூற்றுக்கணக்கான கதைகள் இந்த முடிவைத்தான் வழியாகக் கொண்டன: பொறுத்திரு, ஒருநாள் நீ அழகாவாய்.

ஆண்டர்சனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845இல், பிராங்பர்ட் மருத்துவர் ஹைன்ரிச் ஹோப்மனின் 'ஸ்ட்ருவெல்பேட்டர்' அச்சானது. மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கையால் எழுதி வரைந்த ஏடு அது. அதில் ஒரு கறுப்பினச் சிறுவனைப் பார்த்து மூன்று பையன்கள் சிரிக்கிறார்கள். நிக்கோலஸ் என்ற பெரியவர் வந்து தடுக்கிறார். கேட்காததால் மூவரையும் மைக்கூட்டில் முக்கி எடுக்கிறார். கேலி செய்தவனைத் தண்டித்த தொடக்ககாலப் படக்கதைகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. கதை சிறுவன் பக்கம் நிற்கிறது. ஆனாலும் தண்டனையாகக் கொடுக்கப்படுவது அவனுடைய நிறமே. படிக்கும் கறுப்பினக் குழந்தைக்கு அந்தப் படம் என்ன சொல்லும் என்று யோசிக்க அன்று ஒருவரும் இல்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1930களின் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் வரைந்த 'ஃபெர்டினாண்டின் கதை' 1936இல் வெளிவந்தது. மற்றக் காளைகள் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஃபெர்டினாண்ட் கார்க் மரத்தடியில் உட்கார்ந்து பூ முகர்கிறது. தனியாக இருக்கிறதே என்று தாய்ப்பசு முதலில் கவலைப்படுகிறது. மகன் நிறைவாக இருப்பதைப் பார்த்தபின் அதை அதன் போக்கில் விட்டுவிடுகிறது. மாட்ரிட் காளைப்போர்க் களத்துக்கு இழுத்துப்போன பிறகும் அது சண்டையிட மறுத்து, பெண்கள் கூந்தலில் சூடிய பூக்களின் மணத்தில் லயித்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் மறுபடியும் அதே மரத்தடி. காளை வீரமாக மாறவும் இல்லை, தன்னை நிரூபிக்கவும் இல்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டில் வந்ததால் இந்தச் சிறுநூல் அரசியலாகப் படிக்கப்பட்டது. பிராங்கோவின் ஸ்பெயின் தடைசெய்தது. நாஜி ஜெர்மனி எரித்தது. தன்னை ஏற்றுக்கொண்ட குழந்தை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படநூல் அதற்குப் பிறகும் அரிதாகவே வந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதைதான் உலகமெங்கும் பரவியது. சிகாகோவின் மாண்ட்கமரி வார்டு பல்பொருள் அங்காடி, பண்டிகைக் காலத்தில் வாடிக்கையாளரின் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதை கேட்டது. எழுதும் பொறுப்பு விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் மேயிடம் வந்தது. சிறுவயதில் உடல் சிறுத்தவராக, மற்றப் பிள்ளைகளால் ஒதுக்கப்பட்டவர் அவர். எழுதிக்கொண்டிருந்த 1939ஆம் ஆண்டிலேயே புற்றுநோயால் மனைவியை இழந்தார். சிவந்த மூக்கு குடிகாரனை நினைவூட்டும் என்று மேலதிகாரிகள் தயங்கினார்கள். டென்வர் கில்லன் விலங்குக்காட்சிச் சாலையில் பார்த்து வரைந்த மான் படங்கள்தான் அவர்களை இணங்கவைத்தன. அந்தக் கிறிஸ்துமசுக்கு மட்டும் ஏறத்தாழ 24 லட்சம் பிரதிகள் கொடுக்கப்பட்டன. கலைமான் ருடால்ஃப் அப்படிப் பிறந்தது. 1949இல் கதை பாட்டாகவும் ஒலித்தது.

மூக்கைப் பார்த்துச் சிரித்த மான்களே, பனிமூட்டத்தில் அந்த மூக்கின் ஒளி வழிகாட்டியதும் ருடால்ஃபைக் கொண்டாடுகின்றன. சிரித்தது தவறு என்று எந்த மானும் உணர்வதாகத் தெரியவில்லை. மூடுபனி இறங்கியிராவிட்டால் ருடால்ஃப் ஒதுங்கியேதான் கிடந்திருக்கும். பயன்பட்டால் ஏற்றுக்கொள்வோம் என்ற பேரம் இதற்குள் இருக்கிறது. இன்றும் வெளிவரும் படநூல்களில் பெரும்பகுதி இந்த வார்ப்பில் வார்த்தவைதான். குழந்தைகளுக்கு அது பிடிக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஒதுக்கப்பட்டவன் முன்வரிசைக்கு வரும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லாத குழந்தை குறைவு.

பேரத்தை உடைத்த நூல் 1944இல் வந்தது. எலினார் எஸ்டஸ் எழுதி லூயி ஸ்லோபாட்கின் வரைந்த 'நூறு உடைகள்' சரியாகச் சொன்னால் படநூல் அல்ல, படங்கள் நிறைந்த சிறுகதை நூல். போலந்திலிருந்து குடியேறிய வாண்டா என்ற ஏழைச் சிறுமி தினமும் ஒரே சாயம்போன நீல உடையில் பள்ளிக்கு வருகிறாள். வீட்டில் நூறு உடைகள் இருப்பதாகச் சொல்லிவிட, பெக்கி என்ற சிறுமி தலைமையில் அதையே நாள்தோறும் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எஸ்டஸ் இந்தக் கதையை வாண்டாவின் கண்ணாலும் சொல்லவில்லை, பெக்கியின் கண்ணாலும் சொல்லவில்லை. பக்கத்தில் பேசாமல் நிற்கும் மேடியின் மனத்துக்குள் கதை நடக்கிறது. மேடியும் பிறர் கொடுத்த பழைய உடை உடுத்துகிறவள். வாய் திறந்தால் அடுத்த முறை தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. நூறு உடைகளும் வாண்டா வரைந்த ஓவியங்கள் என்று தெரியவரும்போது அவள் குடும்பம் ஊரைவிட்டே போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. தன் பள்ளிநாளில் இப்படி ஊரைவிட்டுப் போன ஒரு சிறுமியின் நினைவு உறுத்தியதால் எஸ்டஸ் இதை எழுதினார். இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இக்கதை பல ஆண்டுகள் இடம்பெற்றதால், தமிழ்நாட்டின் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு வாண்டா அறிமுகமானவள்.

சிரிப்பவர், சிரிப்புக்கு ஆளாகுபவர், பார்த்து நிற்பவர் ஆகிய மூவரையும் ஒரே நூலில் கொண்டுவந்த படைப்பு டாரோ யாஷிமாவின் 'காகப் பையன்'. யாஷிமாவின் இயற்பெயர் இவாமட்ஸு. ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் 1908இல் பிறந்து, ராணுவ ஆட்சியை எதிர்த்ததால் சிறைப்பட்டு, 1939இல் அமெரிக்கா சென்றவர். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்கு எதிராக வேலை செய்தபோது, ஊரில் விட்டுவந்த மகனுக்குத் தீங்கு நேரக் கூடாது என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பிறந்த மண்ணின் நினைவிலிருந்து எழுதி வரைந்த இந்த நூல் 1955இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு படநூல்களுக்கான கால்டெகாட் சிறப்பு விருது பெற்றது.

பள்ளி தொடங்கிய முதல் நாளே ஒரு சிறுவனைக் காணோம். தேடினால் பள்ளிக்கூடத் தரைக்கு அடியில் இருட்டில் ஒளிந்திருக்கிறான். அவனை யாருக்கும் தெரியாது. சிபி, அதாவது குள்ளன், என்று பட்டப்பெயர் விழுகிறது. ஆசிரியரைக் கண்டால் பயம். பிள்ளைகளைக் கண்டாலும் பயம். மாறுகண் போட்டுப் பார்க்கப் பழகி, பார்க்கப் பிடிக்காததைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான். கூரைப் பலகை, மேசையின் மரவரிகள், முன்னால் உட்கார்ந்தவன் தோளிலுள்ள ஒட்டுத்துணி, சன்னல் என்று அவனுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. கேலிக்கு ஆளான குழந்தையின் மனம் பகல் முழுவதும் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பக்கங்கள் வேறு நூலில் கிடைப்பது கடினம். மழையானாலும் புயலானாலும், முள்ளங்கி இலையில் சுற்றிய சோற்று உருண்டையோடு அவன் நடந்து வருகிறான். இப்படி ஐந்து ஆண்டுகள் ஓடுகின்றன.

ஆறாம் ஆண்டில் இசோபே என்ற புதிய ஆசிரியர் வருகிறார். பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகிறார். காட்டுத் திராட்சை எங்கே காய்க்கும், காட்டுக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று சிபிக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறார். அவன் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டுகிறார். யாரும் இல்லாதபோது அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். ஆண்டுவிழாவில் சிபி மேடையேறுகிறான். பொரித்த குஞ்சின் குரல், தாய்க் காகத்தின் குரல், ஊரில் சாவு விழுந்தால் காகம் கரையும் குரல் என்று ஒவ்வொன்றாகக் கரைந்து காட்டுகிறான். அந்தக் குரல்களை அவன் கற்றது எப்படி என்று ஆசிரியர் விளக்குகிறார்: விடியும்போது வீட்டைவிட்டுக் கிளம்பி, பொழுது சாயும்போது திரும்பும் நடையில், ஆறு ஆண்டுகளாக, ஒரு நாள் விடாமல். அந்த ஆறு ஆண்டுகள் தாங்கள் அவனுக்குச் செய்ததை நினைத்து வகுப்பு அழுகிறது.

ருடால்ஃபோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காகக் குரலால் அந்த வகுப்புக்கு ஒரு பயனும் இல்லை. அவர்களுக்குத் தெரியவருவது சிபியின் திறமையைவிட, அவன் நடந்துவந்த தூரம்தான். கதை முடிந்தபின்னும் அவன் குடும்பம் சுட்ட கரியை விற்க ஊருக்குள் வரும் பையனாகவே இருக்கிறான். சிபி என்ற பெயர் மட்டும் போய்க் காகப் பையன் ஆகிறது. யாஷிமாவின் இசோபே ஆசிரியருக்கு இணையான ஒருவரைப் படநூல்கள் அதிகம் படைக்கவில்லை.

1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் இந்தப் பொருள் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தோடு பின்னிக்கொண்டது. உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதியர், வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் குழந்தைகள் முன் வைத்து நடத்திய சோதனையில் கறுப்பினக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்ல பொம்மை என்றார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் இந்த ஆய்வும் சுட்டப்பட்டது. கேலி வெளியிலிருந்து வருவது மட்டுமில்லை, குழந்தையின் உள்ளேயும் குடியேறிவிடும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1965இல் நான்சி லாரிக் மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 குழந்தை நூல்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரு கறுப்பினரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. அந்த வெறுமையில் 1962இல் வந்த எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பனி நாள்' தனித்து நின்றது. கறுப்பினச் சிறுவன் பீட்டர் அதில் பனியில் விளையாடுகிறான், அவ்வளவே. யாரும் அவனைச் சீண்டவில்லை. தன்னை ஏற்றுக்கொள் என்று யாரும் அவனுக்கு உபதேசிக்கவும் இல்லை. தன்னம்பிக்கைக்கென்றே எழுதப்பட்ட பல நூல்கள் தர முடியாததை அந்தச் சிவப்புப் பனிக்கோட்டுப் படங்கள் தந்தன.

இங்கிலாந்தின் டேவிட் மெக்கீ 1968இல் வண்ண ஒட்டுத்துணி போன்ற தோலுடைய யானை எல்மரை உருவாக்கினார். டெவன் பகுதியில் ஆங்கிலோ-இந்திய வம்சாவளியினரான மனைவியோடும் மகளோடும் நடந்துபோனபோது, ஒரு பையன் மகளைப் பார்த்து நிறவெறிச் சொல்லை வீசியது இதற்குத் தூண்டுதல் என்று அவர் பின்னர் சொன்னார். சாம்பல்நிறக் காய்களில் புரண்டு எல்லாரையும் போல ஆகிவிடும் எல்மருக்கு, கூட்டத்தின் மௌனம் தாங்கவில்லை, சிரிப்பு முட்ட உரக்கக் கத்திவிடுகிறது. மழையில் சாயம் கரைகிறது. முதல் பதிப்பு பெரிதாகப் பேசப்படவில்லை. 1989இல் ஆண்டர்சன் பிரஸ் மறுபதிப்புச் செய்தபின்தான் எல்மர் உலகைச் சுற்றி, அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. வாத்துக்குஞ்சைப் படைத்த ஆண்டர்சனின் பெயரைத் தாங்கிய பதிப்பகம் அது.

1970களில் பெண்ணுரிமை இயக்கம் இன்னொரு வாசலைத் திறந்தது. 1972இல் சார்லட் சோலோட்டோவ் பொம்மை கேட்கும் சிறுவனைப் பற்றி எழுதினார். 1979இல் டோமி டிபாவ்லா, ஆடவும் படம் வரையவும் விரும்பியதால் பொட்டை என்று பள்ளிச் சுவரில் எழுதப்பட்ட ஆலிவரின் கதையைத் தன் சிறுபருவத்திலிருந்து எடுத்தார்.

இதே காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் கேலியும் கொடுமைப்படுத்தலும் ஆய்வுப் பொருளாயின. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் டான் ஓல்வேயஸ் தன் முதல் பெரிய ஆய்வை 1973இல் வெளியிட்டார். 1982இன் இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதற்குச் சக மாணவர்களின் கொடுமையே காரணமாகக் கருதப்பட, அடுத்த ஆண்டு நாடு தழுவிய தடுப்பு இயக்கம் தொடங்கியது. 1996இல் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவாலியும் குழுவினரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: துன்புறுத்துபவனுக்குத் துணைபோகிறவர்கள், சிரித்து ஊக்குவிப்பவர்கள், விலகி நிற்பவர்கள், தடுப்பவர்கள் என்று வகுப்பில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு பங்கு உண்டு. மேடியின் வழியாக எஸ்டஸ் 52 ஆண்டுகளுக்கு முன் எழுதியதும் இதையே.

கொலம்பைன் பள்ளியில் 1999இல் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் அமெரிக்கப் பள்ளிகள் தடுப்புத் திட்டங்களை நாட, படநூல்கள் மருந்துக்கடைச் சரக்குபோலப் பெருகின. பெயர்க் கேலிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. பின்னட்டையில் பெற்றோருக்கான கேள்விகள். பயன்பட்டவை உண்டு. ஆனால் கதை முடியுமுன்பே பாடம் தெரிந்துவிடும் நூலைக் குழந்தை இரண்டாம் முறை எடுப்பதில்லை. கெவின் ஹென்க்ஸ் 1991இல் வரைந்த 'கிரிசாந்திமம்' என்ற சுண்டெலிச் சிறுமி இன்னும் நிலைப்பதற்குக் காரணம், பூப்பெயருக்காகச் சிரிப்புக்கு ஆளாகும் அவளுடைய ஒவ்வொரு நாளின் வாட்டத்தையும் அவர் அவசரமில்லாமல் வரைந்ததுதான்.

நூல் எவர் கையிலிருந்து எவர் காதுக்குப் போகிறது என்பதும் முக்கியம் என்பதை 1998இல் புரூக்ளினில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. கரோலிவியா ஹெரனின் 'நாப்பி ஹேர்' கறுப்பினச் சிறுமியின் சுருண்ட முடியைக் கொண்டாடும் நூல். அதை ஒரு வெள்ளையின ஆசிரியை வகுப்பில் வாசித்தார். படிநகல் பக்கங்களை மட்டும் பார்த்த பெற்றோர் கொதித்தெழ, ஆசிரியை அந்தப் பள்ளியைவிட்டே போனார். அவர் எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் தலைமுறைகளாக வசையாக இருந்த 'நாப்பி' என்ற சொல்லை ஒரே நாளில் பாராட்டாக மாற்றும் வல்லமை எந்த நூலுக்கும் கிடையாது.

2012இல் ஜாக்குலின் வுட்சன் எழுதி ஈ. பி. லூயிஸ் வரைந்த 'ஈச் கைண்ட்னஸ்' எஸ்டஸ் விட்ட இடத்தில் தொடர்கிறது. பழைய உடையோடு வரும் மாயாவோடு விளையாட மறுத்தவள் குளோயி. கதையைச் சொல்வதும் அவளே. அன்பைப் பற்றி ஆசிரியை பேசி முடிக்கும்போது மாயா ஊரைவிட்டுப் போய்விட்டாள். சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு கைநழுவியதோடு நூல் நின்றுவிடுகிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வி சாதியைத் தொடாமல் நகர முடியாது. உணவு, தொழில், தெருவின் பெயர் எதுவும் இங்கே தனிமனிதக் குறையாகப் பார்க்கப்படுவதில்லை. ஹைதராபாத்தின் அன்வேஷி அமைப்பு 2008இல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூல்வரிசை இதை நேராக எடுத்துக்கொண்டது. ஆட்டுத் தலைக்கறி சமைக்கும் வீடும் அதில் கதைக்களம் ஆனது.

தமிழ்நாட்டில் சிபியின் தம்பி என்று சொல்லத்தக்க ஒருவன் காளி. 1996இல் சென்னையில் தொடங்கி, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் நூல் வெளியிடும் தூலிகா பதிப்பகத்துக்காக, சென்னை முதலைப் பண்ணையை நிறுவியவர்களில் ஒருவரான ஜாய் விட்டேகர் 'காளியும் சாரைப் பாம்பும்' என்ற பொருள்படும் படநூலை எழுதினார். ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்தார். காளி இருளர் வீட்டுப் பிள்ளை. நன்றாகப் படிப்பான், ஆனால் அப்பா பாம்பு பிடிப்பவர் என்பதும் அவன் சாப்பாட்டில் வறுத்த ஈசல் இருப்பதும் அவனைத் தனியே உட்காரவைக்கின்றன. ஒருநாள் வகுப்புக்குள் சாரைப் பாம்பு வந்துவிட, எல்லாரும் அலறும் நேரத்தில் காளி அதைப் பிடிக்கிறான். அதன்பின் அவன் வகுப்பின் நாயகன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ருடால்ஃபின் வார்ப்பே: ஆபத்தில் உதவியவனுக்கு அங்கீகாரம். அந்தக் குறை நூலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காளியிடமிருந்து வெளிப்படுவது பிறவியிலேயே வாய்த்த அதிசயம் ஒன்றும் இல்லை. எதைச் சொல்ல அவன் கூசினானோ அந்த அப்பாவின் தொழில், அப்பாவிடம் கற்ற கை. அவனோடு சேர்ந்து அவன் வீடும் வகுப்புக்குள் வருகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கான படநூல்கள் இந்த வழியில் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். இசோபேயைப் போல, பாம்பு வருவதற்கு முன்பே காளியோடு உட்கார்ந்து பேசும் ஓர் ஆசிரியரும் அவற்றில் வர வேண்டும்.

கதைக்கு வெளியே உள்ள காளியின் மக்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்புகளை மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2023இல் அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.